பாபின் ரேந்தையின் பாணி அடுக்குகள்: நாகர்கோவில், இடையன்குடி, முளகுமூடு – கொங்குநாட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தென்தமிழகத்தில் கையால் பின்னப்பட்ட ரேந்தை முழுவதையும், மால்ட் அம்மையார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது என்ற ஒரே மூலத்தில் அடக்கிப் பேசுவது வழக்கமாக உள்ளது. தோற்றத்தில் ஒத்த பாபின் ரேந்தைப் பாணிகளை அவற்றின் கட்டமைப்பைக் கொண்டு ஒப்பிடும்போது, அம்மூலம் ஒன்றாக இருக்க இயலாது என்பது புலனாகிறது. சில பாணிகள் 1820களில் நாகர்கோவிலுக்கு வந்திருக்கவே முடியாதவை. இக்காலவேறுபாடு கலைவரலாற்றுச் செய்தி மட்டுமன்று. ரேந்தைக் கூலியால் அடிமைத்தளை நீங்கிய பெண்கள் எவ்வகை ரேந்தையைப் பின்னினர் என்ற சமூகவரலாற்று வினாவும் இதனோடு பிணைந்துள்ளது. அதே மிஷன் சங்கம் பணியாற்றிய கோயம்புத்தூரில் இத்தொழில் வேரூன்றாமைக்கான காரணமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ரேந்தை, பாபின், டார்ஷன், மால்டா பாணி, நாகர்கோவில், இடையன்குடி, முளகுமூடு, கொங்குநாடு, பெண் உழைப்பு

முன்னுரை

கோவை ஒப்பணக்காரத் தெருவின் ஜவுளிக்கடைகளில் ‘லேஸ்’ என்று மீட்டர் கணக்கில் அளந்து விற்கப்படுவதில் மிகப்பெரும்பகுதி இயந்திரத்தில் பின்னப்பட்டது. அதன் விசிறி வடிவங்களும் சாய்சதுரக் கண்களும், கையால் பின்னும் ஒரு பழைய பாணியின் நேர்ப்படிகளாக இருப்பதை வாங்குவோர் அறிவதில்லை. ஆடையியல் துறைகள் மிகுந்த கோவை, திருப்பூர்க் கல்லூரிகளில் ரேந்தை வகைகளுக்குப் பெயரிடும் தேவை அடிக்கடி எழுகிறது. ஆயினும் தமிழில் இதற்கென நிலைத்த கலைச்சொற்கள் இல்லை. ‘சரிகை’ என்று மொழிபெயர்ப்போர் உளர். சரிகை என்பது உலோக இழை, ரேந்தை என்பது நூலால் ஆன துளைப்பின்னல். ‘பின்னல் வேலை’ என்று எழுதுவோர் கொக்கியூசியால் ஒற்றை நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் குரோஷாவையும் அதனுள் சேர்த்துவிடுகின்றனர். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலால் உலகறிந்த நரசாப்பூர் ரேந்தை குரோஷா வகையைச் சார்ந்தது. நாகர்கோவில் ரேந்தை பல நூல்களைத் திண்டின்மேல் முடையும் வகையைச் சார்ந்தது. இரண்டும் மிஷன் வழி பரவின, இரண்டையும் பெண்கள் செய்தனர் என்பதற்காக அவற்றை ஒரே தொழில்நுட்பமாகக் கருதுதல் பொருந்தாது.

சொல் தரும் சான்று

தமிழில் ‘ரேந்தை’ என்ற சொல் போர்த்துக்கீசிய ‘ரெண்டா’விலிருந்து வந்தது. மலையாளத்தில் ‘ரேந்த’ என்றும் சிங்களத்தில் ‘ரேந்த’ என்றும் அதே சொல் வழங்குகிறது. இலங்கையில் காலி, வெலிகம ஆகிய கடலோர ஊர்களில் பின்னப்படும் ‘பீரளு’ ரேந்தையின் பெயரும், நூல் சுற்றும் குச்சியைக் குறிக்கும் ‘பில்ரோ’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே. அலமாரி, ஜன்னல், சாவி, பொத்தான் ஆகியன தமிழுக்குள் வந்த அதே வழியில் ரேந்தையும் வந்துள்ளது. முத்துக்குளித்துறையில் 1530களிலிருந்து நிலவிய போர்த்துக்கீசியத் தொடர்பை நோக்க இதில் வியப்பில்லை.

ஒரு கடன்சொல் அப்பொருள் அறிமுகமாகியிருந்தது என்பதை மட்டுமே காட்டும். அது இங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. பொத்தான் என்ற சொல் இருப்பதால் முத்துக்குளித்துறையில் பொத்தான் பட்டறை இருந்தது என்று எவரும் வாதிடார். ஆனால் ஆங்கில மிஷனரிகள் வரும் முன்னரே தென்கடற்கரைத் தமிழர் ரேந்தையை ஒரு பெயரிட்டு அறிந்திருந்தனர் என்பது, ‘1820களுக்கு முன் தமிழ்நாட்டில் ரேந்தை அறியப்படாதது’ என்னும் கூற்றைத் திருத்தப் போதுமானது.

தறியில்லா நெசவு

கொங்குநாட்டு நெசவாளருக்குப் பாபின் ரேந்தையின் அடிப்படையை விளக்குவது எளிது. தறியில் பாவு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஊடை அதன் ஊடே ஓடும். பாபின் ரேந்தையில் தறியும் இல்லை, அச்சும் இல்லை. உறுதியாக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட அட்டை வைக்கப்படும். ஒவ்வொரு நூலும் ஒரு குச்சியில் சுற்றப்பட்டு, அக்குச்சியின் எடையாலேயே விறைப்பாகத் தொங்கும். குச்சிகள் இணை இணையாகக் கையாளப்படும். இரண்டு இணைகளில் உள்ள நான்கு நூல்களை இடமிருந்து எண்ணினால், இரண்டாம் நூலை மூன்றாம் நூலின்மேல் கொண்டுசெல்வது குறுக்கிடல். இரண்டாவதை முதலாவதன் மேலும், நான்காவதை மூன்றாவதன் மேலும் இடுவது முறுக்கல். பாபின் ரேந்தை முழுவதும் இவ்விரு செயல்களின் கூட்டே.

குறுக்கிடல், முறுக்கல், குறுக்கிடல் என மூன்றையும் ஒருசேரச் செய்து, ஓர் இணையைத் தொங்கும் பிற இணைகள் அனைத்தினூடும் கொண்டுசென்றால் கிடைப்பது துணிப்பின்னல். அது தறியில் நெய்த சாதாரணத் துணியின் அமைப்பையே உடையது: ஓடும் இணை ஊடை, தொங்கும் இணைகள் பாவு. இறுதிக் குறுக்கிடலை விட்டுவிட்டால் கிடைப்பது அரைப்பின்னல். அதில் நூல்கள் சாய்வாகச் செல்லும். அட்டையின் துளைகளில் குத்தும் குண்டூசிகள், பின்னிய இடம் நெகிழாமல் பிடித்து நிற்கும். ஜக்கார்டு அட்டையோடு இதனை ஒப்பிடும் ஆசிரியர்கள் உண்டு. அவ்வொப்பீடு ஓரளவே செல்லும். ஜக்கார்டு அட்டை எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ரேந்தை அட்டை ஊசியின் இடத்தை மட்டும் சொல்கிறது. ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் எந்தப் பின்னல் என்பது பின்னுபவளின் நினைவில் இருப்பது. ஆகவேதான் அட்டை அஞ்சலில் பயணித்தபோதும் பாணி முழுமையாகப் பயணிக்கவில்லை.

ஒத்த பாணிகளைப் பிரித்தறிதல்

ரேந்தையைப் பூவாலும் இலையாலும் வகைப்படுத்துவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். வடிவங்களை எவரும் நகல் எடுக்கலாம். காணவேண்டியவை இரண்டு: நூல்கள் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்து ஓடுகின்றனவா, அல்லது பகுதி பகுதியாகப் பின்னி இணைக்கப்பட்டனவா? பூக்களுக்கு இடைப்பட்ட வெளியை நிரப்புவது வலைப்பரப்பா, சடையா?

டார்ஷன் தொடர்நூல் வகை. அட்டையின் கட்டங்கள் 45 பாகைச் சாய்வில் அமையும். விசிறி, சிலந்தி, சாய்சதுரம் முதலிய நேர்கோட்டு வடிவங்களே அதில் பொருந்தும். வலைப்பரப்பில் ஒவ்வோர் ஊசிக்கும் முன்னும் பின்னும் அரைப்பின்னல் இட்டு ஊசி மூடப்படும். சற்றுத் தடித்த நூல், குறைந்த இணைகள், நினைவில் வைக்க எளிய வரிசை ஆகியவற்றால் கற்பவர் முதலில் கற்பது இதுவே.

பக்கிங்காம்ஷயர்ப் பாணியும் தொடர்நூல் வகையே. தொலைவில் நின்று காண்போர் நுண்ணிய டார்ஷன் என்று கருதிவிடக்கூடும். ஆனால் அதன் வலைக்கண்ணில் அரைப்பின்னலுக்குப்பின் கூடுதலாக இரு முறுக்குகள் உண்டு. ஊசி மூடப்படுவதில்லை, எனவே கண் அறுகோணமாகத் தெளிந்து நிற்கும். பூக்களின் ஓரத்தைத் தடித்த ஒரு நூல் வரைந்து செல்லும். பிரான்சின் லீல் நகரப் பாணியோடு இதற்குள்ள நெருக்கம் மிகுதி. ஒரு சிறு துண்டை மட்டும் கொண்டு இரண்டையும் பிரிப்பது தேர்ந்தோருக்கும் அரிது.

டெவன் மாவட்டத்தின் ஹோனிட்டன் பாணி இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. பூவும் இலையும் தனித்தனியே மிக நுண்ணிய நூலால் பின்னப்பட்டுப் பின்னர் இணைக்கப்படும். விக்டோரியா அரசியின் 1840ஆம் ஆண்டுத் திருமண ஆடைக்கு டெவனின் பீர் என்னும் ஊரில் பின்னப்பட்டது இவ்வகையே. ஹோனிட்டனைக் கெஜக் கணக்கில் ஓட்டமாகப் பின்னி விற்க இயலாது. விளிம்புப்பட்டைகளை அளந்து விற்று நடந்த பள்ளி ஒன்றன் ரேந்தையை ‘ஹோனிட்டன்’ என்று அழைப்பதற்குமுன் இக்கட்டமைப்பைச் சோதித்தாக வேண்டும். அவ்வாறு சோதிக்காது அப்பெயரைக் கையாளும் கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தெழுதுவனவாகவே தோன்றுகின்றன.

மிகுந்த குழப்பம் தருபவை மால்டா, பெட்ஃபோர்டுஷயர், குளூனி என்னும் மூன்றுமே. மூன்றிலும் வலைப்பரப்பு இல்லை. நான்கு நூல்களால் முடைந்த சடைகள் வெளியைக் கடந்து சென்று வடிவங்களைத் தாங்கும். ஓர் ஊடைநூலை முன்னும் பின்னும் ஓட்டி நெய்த சிறு இலைகள் ஆங்காங்கே நிற்கும். மால்டாவில் வெண்பொன் நிறப் பட்டுநூலும், பருத்து உருண்ட இலைகளும், எட்டுமுனைச் சிலுவையும் அடையாளங்கள். பெட்ஃபோர்டுஷயரில் பருத்திநூலும், வளைந்தோடும் துணிப்பட்டைகளும், சடைகளின் ஓரத்தில் சிறு வளையங்களும் காணப்படும். குளூனியில் நூல் தடித்தது. துணிப்பட்டைகள் நடுவில் பிளந்து மீண்டும் சேரும். இவ்வேறுபாடுகள் பழக்கத்தைச் சார்ந்தவை, விதிகள் அல்ல. பருத்திநூலில் மால்டா அட்டையைப் பின்னும் ஒரு பள்ளி, தன்னையறியாமலே பெட்ஃபோர்டுஷயருக்கு மிக நெருங்கிய ஒன்றைச் செய்துவிடும்.

இம்மூன்றன் வரலாறு காலக்கணிப்புக்குப் பெரிதும் உதவுகிறது. மால்டாவில் இப்பாணி 1833இல், ஹாமில்டன் சிசெஸ்டர் சீமாட்டி ஜெனோவாவிலிருந்து பின்னுநர்களை வரவழைத்ததிலிருந்து தொடங்குகிறது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்குப்பின் இங்கிலாந்தில் மால்டா ரேந்தைக்கு எழுந்த மோகமே பெட்ஃபோர்டுஷயர்ப் பாணியை வளர்த்தது. அதே கண்காட்சியில் பெட்ஃபோர்டின் தாமஸ் லெஸ்டரும் தம் ரேந்தையைக் காட்சிக்கு வைத்தார்.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட்டும் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1819 இறுதியில் நாகர்கோவில் வந்தனர். அவ்வாண்டில் மீட் அம்மையார் தொடங்கிய பெண்கள் பள்ளி இன்று டதி பள்ளியாக நிலைத்துள்ளது. 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் ரேந்தைப் பின்னலை அங்குக் கற்பித்தார். இவர் பெயருக்கும் மால்டாத் தீவின் பெயருக்கும் உள்ள ஒலியொற்றுமை தற்செயலானது. அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது சடையும் இலையும் கொண்ட பாணி ஆங்கிலப் பள்ளிகளில் இடம்பெறவில்லை. எனவே நாகர்கோவில் அல்லது இடையன்குடிப் பெயர் தாங்கிய ஒரு துண்டில் வலைப்பரப்பு இன்றி, சடையும் இலையும் மட்டும் இருந்தால், அது முதல் தலைமுறைப் பள்ளியின் மரபைச் சார்ந்தது அன்று. அது 1850களுக்குப்பின் வந்து சேர்ந்த அடுக்கு.

மார்த்தா மால்ட் கற்பிக்கத் தொடங்கிய காலத்தின் முரணும் கருதத்தக்கது. ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற இயந்திரம், கையால் பின்னிய வலைப்பரப்பை மலிவாக்கிவிட்டது. 1813இல் லீவர்ஸ் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தின் வலைப்பின்னுநர்கள் கூலி இழக்கத் தொடங்கிய அதே பத்தாண்டுகளில், அவர்தம் தொழில் திருவிதாங்கூரில் ஒரு விடுதிப்பள்ளிக்குள் நுழைகிறது. நுழைந்தது பின்னல் மட்டுமன்று. பக்கிங்காம்ஷயரிலும் டெவனிலும் ஐந்தாறு வயதுச் சிறுமியரைத் திண்டுமுன் அமர்த்திய ‘ரேந்தைப் பள்ளி’ என்னும் நிறுவன வடிவமும் உடன்வந்தது. இவ்விரண்டாவது வரவு நம் ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை.

1844இல் மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்றார். அங்கு அவர் தொடங்கிய ரேந்தைப் பள்ளி, நற்செய்திப் பரப்புக் கழகத்தின் மிஷனில் இயங்கியது. இடையன்குடி ரேந்தையின் நேர்த்தாய் நாகர்கோவிலேயன்றி எந்த ஆங்கில ஊரும் அன்று. தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்டு வளர்ந்த ஒருவர், தமிழ்ப்பெண்களுக்குக் கற்பித்த தொழில் அது. தேரி மணலும் பனையும் சூழ்ந்த அவ்வூரில் பனைத்தொழில் பருவத்துக்குரியது. திண்டுவேலை ஆண்டு முழுவதற்கும் உரியது.

மிஷன் ஆவணங்கள் கூறும் மற்றொரு செய்தியே ஒப்பீட்டுக்குக் கனம் சேர்ப்பது. நாகர்கோவில் பள்ளியில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்பது அச்செய்தி. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே விடுதலைக்கு விலையான ரேந்தை அவ்வாண்டுக்கு முற்பட்டது. மேலே கண்ட காலக்கணிப்பின்படி பெரும்பாலும் வலைப்பரப்புடைய தொடர்நூல் வகையாகவே அது இருந்திருக்க வேண்டும். சடையும் இலையும் கொண்ட பிற்காலத் துண்டு ஒன்றன் படத்தை அவ்விடுதலைக் கதைக்கு விளக்கப்படமாக இடுவது, உழைத்தவர்களின் கைவேலையை வேறொரு தலைமுறைக்கு மாற்றித் தருவதாகும். நுண்ணிய வலைப்பரப்புக்கு நூலிணைகள் மிகுதி, ஊசிகள் மிகுதி, ஒரு கெஜத்துக்கு ஆகும் நாள்களும் மிகுதி. விடுதலையின் விலையை உழைப்புநாளாகக் கணக்கிட முற்படும் எந்த ஆய்வும் பாணியை முதலில் முடிவுசெய்தே தீரவேண்டும்.

இதனோடு மேலாடை வரலாறும் சேர்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டம் 1820களில் தொடங்கி, 1859 சூலை 26ஆம் நாள் அறிவிப்பில் ஓரளவு முடிவுக்கு வந்தது. கிறித்தவப் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது குப்பாயம் மட்டுமே. ஐரோப்பியப் பெண்டிரின் கழுத்துக்கும் கைமுனைக்கும் ரேந்தை பின்னிய சமூகத்துப் பெண்கள், தம் தோள்மேல் ஒரு துணி இடுவதற்குத் தாக்குதலையும் வழக்கையும் எதிர்கொண்டனர். அப்பள்ளியை அறக்கொடை என்று மட்டும் கூறுவதும், ஏற்றுமதிக்கான மலிவு உழைப்புக்கூடம் என்று மட்டும் கூறுவதும் இந்நிலையைக் குறைத்துக் காட்டும். நரசாப்பூரில் மீஸ் கண்டது, வீட்டுக்குள் இருந்தே உலகச் சந்தைக்கு உழைத்தும் ‘ஓய்வுநேரத்துப் பணி’ என்று ஒதுக்கப்பட்ட பெண்களை. நாகர்கோவில் பெண்ணின் கூலி அவள் உடலின் உரிமையையே விலைக்கு வாங்கியது. அந்த அளவில் மீஸின் சட்டகம் இங்கு முழுமையாகப் பொருந்தாது.

முளகுமூடு

பெல்ஜியத்தின் ரூசலார் நகரில் பிறந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் 1897 நவம்பரில் முளகுமூடு வந்தார். அவர் நிறுவிய துறவியர் சபையின் கீழ் ஆதரவற்ற பெண்களுக்கான கைவேலைக்கூடம் வளர்ந்தது. ரூசலார் மேற்கு ஃபிளாண்டர்சில் உள்ளது. ரேந்தைக்குப் பெயர்பெற்ற புரூஜ் நகரும் அப்பகுதியினதே. ஆகவே முளகுமூட்டை நாகர்கோவிலின் கிளையாக வைப்பது சரியன்று. இரண்டு ஊர்களும் இன்று ஒரே மாவட்டத்தில் இருப்பது மட்டும் அவற்றை ஒரே மரபாக்கிவிடாது. புரூஜ்ப் பூவேலையும் ஹோனிட்டனைப் போலப் பகுதி பகுதியாகப் பின்னும் வகையாதலால், இப்பகுதியிலிருந்து பகுதிப்பின்னல் துண்டு ஒன்று கிடைக்குமாயின், அதற்கு டெவனைத் தேடுமுன் ஃபிளாண்டர்சை நோக்குவது தகும்.

கொங்கில் வேரூன்றாமை

இலண்டன் மிஷன் சங்கம் 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் வழியாகக் கோயம்புத்தூரில் நிலையம் அமைத்தது. நாகர்கோவிலுக்கும் கோவைக்கும் சங்கம் ஒன்றே, காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ‘கோவை ரேந்தை’ என்ற பெயர் சந்தையில் எழவில்லை. மிஷன் வந்ததால் ரேந்தை வந்தது என்னும் எளிய காரணகாரியம் இங்கு முறிகிறது.

வேறுபாட்டை நூலிலும் பெண்ணின் நேரத்திலும் தேடவேண்டும். கரிசல் பருத்தி விளைந்த கொங்கில், வீட்டுப்பெண்களின் கைகள் நூற்பிலும் நெசவின் துணைப்பணிகளிலும் முன்பே பிணைக்கப்பட்டிருந்தன. தறிவீட்டில் தார் சுற்றுவதும் பாவுக்கு நூல் எடுத்துவைப்பதும் பெண்கள் வேலை. நெய்பவன் ஆண் என்று கணக்கில் எழுதப்பட்டபோதும், அவள் சுற்றித்தராத தாரின்றி நாடா ஓடாது. இவ்வுழைப்புக்குத் தனிக்கூலி இல்லை. ஆனால் அது நின்றால் தறி நிற்கும். தறிக்குடும்பம் ஒன்று தன் பெண்ணை வேறோர் இடத்துத் திண்டுக்கு அனுப்புவதால் பெறுவதைவிட இழப்பது மிகுதி. பனைநாட்டில் நிலைமை நேர்மாறானது. அங்குத் துணித்தொழில் சார்ந்த வீட்டுப்பணி அவ்வளவாக இல்லை; ஆகவே வெளியிலிருந்து நூலும் அட்டையும் தந்து, பின்னியதை வெளிச்சந்தைக்கு எடுத்துச்செல்லும் அமைப்புக்கு இடமிருந்தது. கொங்கின் கைத்தொழில் உள்ளூர்ப் பஞ்சில் தொடங்கி உள்ளூர் உடலில் முடிந்தது. 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது பெண்களுக்கான துணைத்தொழிலாகக் கைராட்டையை முன்வைக்க முடிந்ததற்கும் இப்பின்னணியே துணைநின்றது.

இயந்திரமும் இருநிலங்களை இருவகையில் தொட்டது. ஜெர்மனியின் பார்மன் இயந்திரம், டார்ஷன் பாணியைக் கைப்பின்னலின் அதே நூலோட்டத்தில் படியெடுக்க வல்லது. வலைப்பரப்பை மட்டும் செய்த பழைய இயந்திரங்களைப் போலன்றி, இது குறுக்கிடலையும் முறுக்கலையும் அப்படியே செய்கிறது. அதன் விளைபொருளைக் கைவேலையிலிருந்து பிரிக்க நூலின் ஒரே சீரான விறைப்பும், பிழையே இல்லாத மீள்வரிசையும் மட்டுமே உதவும். டார்ஷன் மலிந்து விலைவீழ்ந்தபோது இழப்பு தெற்கத்திப் பெண்களுக்கே. கொங்கில் இயந்திரம் வேறு வழியில் வந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய நூற்பாலையும், 1910இல் நிறுவப்பட்ட லட்சுமி மில்லும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளும் பெண்களை ரீலிங் பகுதிகளுக்கு அழைத்தன. ‘பாபின்’ என்ற சொல் கோவைப் பெண்ணின் நாவில் ஏறியது அந்த ஆலைத்தளத்திலிருந்துதான். அவள் கையாண்ட பாபின் திண்டின்மேல் இணையாகத் தொங்கவில்லை. கதிரில் ஏறி, ஷிப்டு முடியும்வரை சுழன்றது.